எல்லாம் இருக்கு அக்கா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றுக்குப் போய்விடுவேன், போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் காதால் கேட்டது, தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயருக்கு இப்போது நல்ல பேச்சு இல்லை. ஆபீஸில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். என்னை அக்கா என்பார்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் எங்கள் ஆபீஸ். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள். வந்த பத்திரத்தையெல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தும் வைப்பார்கள். வீட்டில் இருக்கிற தாளைக் கரையான் தின்னும், மழை நனைக்கும், அண்ணன் தம்பி சண்டையில் யாராவது ஒளித்துவைப்பார்கள். அப்போது எங்களிடம் வந்து நகல் வாங்கிப் போவார்கள். நடத்துகிற அம்மாவை மதாம் என்போம். நான் சாரம் என்கிற பேட்டையிலிருந்து காலை ஆறரைக்கு வந்து ஆபீஸைத் திறந்து கூட்டித் துடைத்து, டீ போட்டுக் கொடுக்கிறவள்.

பாய்க்கு உள்ளே ஒரு கண்ணாடி அறை. எப்போதும் குளிரும். அதில் ஒரு கறுப்புப் பெட்டி இரைந்துகொண்டே இருக்கும். சர்வர் என்பார்கள். மேஜைகளில் இருக்கிற கம்ப்யூட்டர்களெல்லாம் அதைக் கேட்டுத்தான் பத்திரத்தை எடுக்கும். அதை ஓட்டுவதும், வெளியார் யாரும் கம்பி வழியாக உள்ளே நுழையாமல் காப்பதும் பாய் வேலை.

அவர் அப்பா நெல்லித்தோப்பில் தையற்கடை வைத்திருந்தவராம். அதனால் வந்த பழக்கமோ என்னமோ, பாய் எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். சட்டை வாங்கினால் கடையிலேயே உள்வெளியாகத் திருப்பி, தையலை வெளிச்சத்தில் பிடிப்பார். சமோசாவைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். குடையை விரித்து, வானத்தைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து கம்பிகளைப் பார்ப்பார். ஒரு தீபாவளிக்கு மதாம் எனக்குப் புடவை கொடுத்தார்கள். எல்லோரும் நிறம் நல்லாயிருக்கு என்றார்கள். பாய், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று கேட்டு வாங்கி, முந்தானையைப் புரட்டினார்.

"மேல்பக்கம் கடக்காரன் காட்றது. உள்பக்கம் தச்சவன் காட்றது. பாருங்க, நூலு தூக்கினு நிக்குது. ரெண்டு தொவையல் தாங்காது."

"குடுத்த பொருளக் கொற சொல்லாதீங்க பாய், மதாம் காதுல வுழுந்துடும்."

"கொற சொல்லலக்கா. தெரிஞ்சிக்கிட்டுக் கட்டுங்கன்றேன்."

மூன்றாம் துவையலில் கரை பிரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார் என்று ஒரு வீம்பு.

அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் அவர் போட்டிருந்த சாஃப்ட்வேரும் அப்படித்தான். காசு கொடுத்துக் கம்பெனியில் வாங்கினது இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி, எழுதினதைத் திறந்தே வைத்திருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், எடுத்து ஓட்டலாம், பிரிந்த இடத்தைத் தைக்கலாம். கம்பெனி விற்கிறது வேறு. அதற்கு உள்துணி வைத்து மூடித் தைத்திருக்குமாம். உள்ளே எப்படி இருக்கிறது என்று வாங்கினவனுக்குத் தெரியாது. ஆனால் கிழிந்தால் கடைக்காரனைக் கூப்பிடலாம், வந்து பார்ப்பான்.

"அப்ப அது இனாமா பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இனாம்னு யாரு சொன்னது? என் தூக்கந்தான் அதுக்கு வெல" என்று சிரித்தார்.

அதற்காகக் கம்பெனிச் சரக்கே ஆகாது என்கிறவரும் இல்லை. முன்மேஜைப் பெண்கள் வருகிற மெயிலையெல்லாம் திறந்து பார்க்கிறவர்கள். அவர்கள் கம்ப்யூட்டருக்குக் காவல் போட, விலைக்கு விற்கிறதைத்தான் வாங்கிப் போட்டார். "இந்தப் பொண்ணுங்களுக்கு முன்னாடி என் சாமர்த்தியம் செல்லாது, கம்பெனிக்காரனே பாத்துக்கட்டும்" என்பார். அந்தப் பெண்கள் சமோசாக் காகிதத்தை உருட்டி அவர்மேல் எறிவார்கள்.

இப்போது காலைச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காலையில் முதலில் வருகிறவள் நான். பெட்டிக்கு ஏதாவது என்றால் முதலில் தெரிய வேண்டியது எனக்கு. இங்கிலீஷ் தெரியாது. அதனால் பாய் ஒரு ஏற்பாடு செய்தார். தினமும் ஆறு முப்பத்தைந்துக்கு, நான் துடைப்பத்தைக் கையில் எடுக்கிற நேரத்துக்கு, மூலையில் இருக்கிற பிரிண்டர் தானாக உறுமி ஒரு தாளைத் தள்ளும். தமிழில் இருக்கும். பெரிய எழுத்தில்.

அக்கா, எல்லாம் இருக்கு.
நேத்து கதவு தட்டினவங்க இத்தனை பேர்.
ஒருத்தரும் உள்ள வரல.
மொத்தப் பத்திரம் இத்தனை.

தாள் வந்தால் கம்பியில் குத்திவைக்க வேண்டியது. வராவிட்டாலோ வேறு மாதிரி வந்தாலோ பாய்க்குப் போன் போட வேண்டியது. அவ்வளவுதான் என் வேலை.

முதல் நாள் தாளை இரண்டு தடவை படித்தேன். ஆயிரத்துக்குமேல் ஏதோ போட்டிருந்தது. பூட்டிக் கிடந்த ஆபீஸ் கதவை இத்தனை பேர் தட்டினார்களா? படியில் போய்ப் பார்த்தேன். செருப்புத் தடம்கூட இல்லை. பாய் வந்ததும் கேட்டேன்.

"அதுங்க மனுசங்க இல்லக்கா."

"என்னா பாய், காலங்காத்தால!"

"ஐய, பேய் இல்ல. மிசினுங்க. எந்த வீட்டுல தாப்பா போடலன்னு உலகம் பூரா ஒவ்வொரு கதவாத் தட்டினே போவும். இங்க தொறக்கலன்னா அடுத்த வீடு. நமக்குன்னு ஒண்ணும் கோவம் இல்ல அதுங்களுக்கு."

கோபம் இல்லாமல் ஒருத்தன் தினமும் என் கதவைத் தட்டுகிறான் என்பதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது. அதற்கப்புறம் கண்ணாடி அறையைத் துடைக்கும்போது அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டமாட்டேன்.

மதாமின் தம்பி மகன் பாரீஸிலிருந்து வந்தது எந்த வருஷம் என்று சரியாக நினைவில்லை. வந்து ஆபீஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கம்பெனிக்காரரைக் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, பொறுமையான மனுஷன். பெட்டியையும் காவலையும் மொத்தமாகத் தாங்களே பார்த்துக்கொள்கிறோம், எந்நேரமும் போனை எடுக்க ஆள் இருக்கிறது என்றார். நான் டீ கொடுத்துக்கொண்டு நின்றேன். மதாம் பாயைக் கூப்பிட்டார்கள்.

பாய் முதலில் கேட்டது, "உள்பக்கம் காட்டுவீங்களா?"

கம்பெனிக்காரர் சிரித்தார். "அது முடியாதுங்க. ஆனா உள்ள ஓட்டை வந்தா நாங்களே அடைப்போம். நீங்க தூங்கலாம்."

"எங்களுது தொறந்து கெடக்குது. ஆயிரம் கண்ணு பாக்குது. ஓட்டைன்னா அன்னிக்கே ஒருத்தர் கத்துவாரு."

"கத்துவாருங்க. இங்க யாரு அடைக்கிறது?"

"நான்."

"நீங்க ஒருத்தர்."

பாய் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். மதாம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள்.

"வொலா, அதேதான். எனக்கு இதான் கேள்வி. நீ நல்லாத்தான் பாத்துக்கற. நாளைக்கி நீ இல்லன்னா? லாரி அடிச்சிடுச்சின்னு வை. யாரக் கேக்கறது?"

"எழுதி வச்சிட்றேன் மதாம். தமிழ்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச யாரும் செய்யற மாதிரி."

"உன்ன மாதிரி ஒருத்தன் வந்து செஞ்சிக் காட்டினா நான் நம்ப மாட்டேன்."

பாய் அறையைச் சுற்றிப் பார்த்தார். கண் என்மேல் வந்து நின்றது.

"அக்கா செய்வாங்க" என்றார்.

தம்பி மகன் வாய்விட்டுச் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை. ஒரு மாசம் தவணை கொடுத்தார்கள். நான் செய்தால் பாய் வழி. இல்லாவிட்டால் கம்பெனி, பாய் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

அவர் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எண். 'சிவப்பு நூல் கட்டிய டிஸ்கை எடு. அம்பு போட்ட ஓட்டையில் சொருகு.' சிவப்பா பச்சையா, இப்போது குழம்புகிறது. ஒவ்வொரு வாரமும் பெரிய பெட்டியில் இருக்கிற எல்லாப் பத்திரத்தையும் அந்த டிஸ்கில் பிரதி எடுத்துவைப்பார். பெரிய பெட்டி போனால் அதிலிருந்து பழைய பெட்டி ஒன்றுக்குத் திருப்பி இறக்க வேண்டும். அதுதான் எனக்கு வைத்த பரீட்சை. "எடுத்து வெக்கிறது பெரிசில்லக்கா, எல்லாரும் வெப்பான். திரும்பி வருதான்னு பாக்கறவன் கம்மி" என்பார்.

சனிக்கிழமை. மதாமும் தம்பி மகனும் கம்பெனிக்காரரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். பாய் கண்ணாடி அறைக் கதவில் நின்று சொன்னார், "இப்ப நான் மவுத்து. செத்துட்டேன்னு வச்சிக்குங்க. கூப்பிட்டாலும் வர மாட்டேன். நோட்டு இருக்குது." போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடி வழியாக முதுகு தெரிந்தது.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த அறையில் குளிரும் இரைச்சலும் நானுமாக நின்றபோது எனக்கு நிஜமாகவே அவர் போய்விட்ட மாதிரி இருந்தது. விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, நோட்டில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினேன். இரண்டு தடவை தப்பு விட்டேன். முதலிலிருந்து செய்தேன். காலையில் ஆரம்பித்தது, மசூதியில் பாங்கு சொல்லும்போதுதான் பத்தொன்பதாவது எண்ணுக்கு வந்தேன். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பாய் சட்டைக்குள் கைவிட்டு மார்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புழுக்கம் என்று நினைத்தேன்.

பத்தொன்பதாவது இது: 'திரையில் இரண்டு எண் வரும். மேலே இருப்பது பெரிய பெட்டியில் இருக்கிற பத்திரம். கீழே இருப்பது திரும்பி வந்த பத்திரம். இரண்டும் ஒன்றா என்று பார். மிஷின் ஓகே என்று சொல்லும், அதை நம்பாதே. கண்ணால் பார்.' இருபதாவது, 'பழைய பெட்டியை நிறுத்து.'

மிஷின் ஓகே என்று சொன்னது. இரண்டு எண்ணும் வந்தன. எனக்குப் பெரிய எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினால்தான் மனசில் ஏறும். அன்றைய காலைச் சீட்டைக் கம்பியில் குத்தாமல் இடுப்பில் செருகியிருந்தேன். அதன் பின்பக்கம் எழுதினேன்.

ஒன்றாக இல்லை.

இன்னொரு தடவை பார்த்தேன். முதல் இலக்கம் ஒன்று. கடைசி இலக்கம் ஒன்று. நடுவில் இல்லை. நான் எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மகன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. கம்பெனிக்காரர் பையிலிருந்து தாள்களை வெளியே எடுத்து வைத்திருந்தார். மதாம் கையெழுத்துப் பேனாவைத் திறந்து மூடினார்கள். இந்தப் பக்கம் பாயின் முதுகு. நான் படித்த படிப்புக்கு, என் விரல் தடுமாறினதுக்கு, அவர் வேலை போகப்போகிறது.

"வந்துடுச்சி பாய்" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பாமலே கேட்டார். "ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதான் பாய்."

சொல்லிவிட்டு இருபதாவதைச் செய்தேன். திரை கறுத்தது.

அவர் எழுந்து வந்தார். முகமெல்லாம் வேர்வை, ஆனால் அப்படி ஒரு சிரிப்பு. நோட்டை வாங்கி, பத்தொன்பதுக்குப் பக்கத்தில் டிக் போட்டு ஏதோ எழுதினார். பெட்டியை மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. புடவைக் கரையைப் புரட்டினவர், சமோசாவைப் பிட்டுப் பார்க்கிறவர். நான் சொன்ன சொல்லை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. முன்னறைக்குப் போய், "மதாம், அக்கா பாஸு" என்றார். மதாம் கைதட்டினார்கள். கம்பெனிக்காரர்கூட எழுந்து நின்று, "அம்மா, எங்க ஆபீசுக்கு வந்துடறீங்களா?" என்றார். எனக்கு வாழ்நாளில் யாரும் கைதட்டினதில்லை. அந்தச் சத்தத்தில் என் வாய் அடைத்துப்போனது.

மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை அவர் எனக்கு ஒரு டப்பா பிரியாணி கொண்டுவந்து, "வூட்ல குடுத்தனுப்பினாங்க, வாத்தியாரம்மாவுக்கு" என்றார். அப்படியே நாள் போயிற்று.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனார். நாலு மணிக்கு முன்மேஜைப் பெண்தான் போனை எடுத்தாள். "பாய் மவுத்தாயிட்டாராம்" என்றாள்.

நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. "ஆறு மாசமா மாரு வலியாம் அக்கா. டாக்டரு சீட்டு சட்டப் பையில கெடந்திச்சி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கூடவே இருந்தீங்களே, உங்ககிட்டயாச்சும் சொன்னாரா?"

"இல்லம்மா" என்றேன். படிக்கட்டில் மார்பைத் தேய்த்ததைச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை ஆபீஸைத் திறந்தேன். துடைப்பத்தை எடுத்தேன். மூலையில் பிரிண்டர் உறுமியது.

அக்கா, எல்லாம் இருக்கு.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒருத்தரும் உள்ள வரல என்று இருந்தது. தாள் சூடாக இருந்தது, கையில் பிடித்தால் ஆள் பிடித்துக் கொடுத்த மாதிரி. "சரி பாய்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கம்பியில் குத்தினேன்.

தினமும் வந்தது. தினமும் சரி பாய் என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். மழை விட்டது, பொங்கல் வந்தது, போனது. தட்டுகிறவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கென்னவோ அவர் இல்லை என்று அதுகளுக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். மதாம் இன்னொரு ஆளைத் தேடினார்கள், அமையவில்லை. வாரம் ஒருநாள் சீட்டு வந்ததும் டிஸ்கைச் சொருகிப் பிரதி எடுக்க எனக்குப் பாய் சொல்லிக்கொடுத்திருந்தார், அதை மட்டும் விடாமல் செய்தேன். நோட்டில் பெட்டி போனால் மீட்க வழி எழுதியிருந்தது. பெட்டி போகாமல் தினம் காக்கிற வழியை எழுத அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

மாசி மாதம் ஒரு காலை பிரிண்டர் உறுமவில்லை. ஆறு முப்பத்தைந்து, ஆறே முக்கால், ஏழு. தாள் வராவிட்டால் பாய்க்குப் போன் போட வேண்டும். நான் போட்டேன். சத்தியமாகப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தட்டினவர்களில் ஒருத்தன் உள்ளே வந்துவிட்டான். பத்திரம் எல்லாவற்றையும் திறக்க முடியாதபடி முடிச்சுப் போட்டு, பணம் கேட்டுத் திரையில் எழுதிவைத்திருந்தான். தம்பி மகன் பாரீஸிலிருந்து போனில் கத்தினார். கம்பெனிக்காரரை மதாம் கூப்பிட்டார்கள். அதே வெள்ளைச் சட்டை மனுஷன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார், "இந்த ஓட்டைய அடைக்கிற மருந்து வந்து பல வாரம் ஆகுது மதாம். இனாமாவே குடுத்திருக்காங்க. போடத்தான் ஆளு இல்ல."

பிறகு நோட்டைக் கேட்டார். முந்தின நாள் காலையில்தான் பிரதி எடுத்திருந்தேன். சிவப்பு நூல் டிஸ்க், அம்பு போட்ட ஓட்டை. அவரே செய்திருக்கலாம். "அம்மா, நீங்களே செய்யுங்க, உங்களுக்குப் பழக்கம்" என்று நகர்ந்து நின்றார். எனக்கு ஒரு தப்பும் வரவில்லை. விரல்கள் தாமாகப் போயின. மிஷின் ஓகே என்றது. திரும்பி வந்த எண் திரையில் நின்றது. மேலே எண் இல்லை, பெரிய பெட்டிதான் செத்துவிட்டதே. கம்பெனிக்காரர் கம்பியிலிருந்து கடைசிக் காலைச் சீட்டை உருவி, மொத்தப் பத்திரம் எத்தனை என்று பார்த்தார்.

"கொறையுதே" என்றார்.

நான் எழுதிக் கழித்தேன். ஆயிரத்து நூற்றெண்பது. இடுப்புச் சுருக்குப் பையில் அந்தச் சனிக்கிழமைச் சீட்டு அப்போதும் இருந்தது. வெளியே எடுக்காமலே தெரியும். அதிலும் கழித்தால் ஆயிரத்து நூற்றெண்பதுதான். என் விரல் தப்பு இல்லை. அன்றைக்கே வரவில்லை.

அவர் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முன்பொரு வருஷம் இடம் பற்றாமல், பழைய கல்யாணப் பதிவுகள் கொஞ்சத்தைப் பாய் பெரிய பெட்டிக்குள் இன்னொரு டிஸ்க் வைத்து மாற்றியிருக்கிறார். பிரதி எடுக்கிற வேலைக்கு அந்த டிஸ்கைச் சொல்ல மறந்திருக்கிறார்.

மதாம் போனைச் சத்தமாக வைத்திருந்தார்கள். "ஓசிச் சாமான வச்சா இதான்!" என்று தம்பி மகன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார் கம்பெனிக்காரர். "எங்க சாமானா இருந்தாலும், இந்த டிஸ்க எடுன்னு சொல்லலன்னா எடுக்காது. ஒரே ஒரு வாட்டி எண்ணப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவரு பாக்கல போல."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கம்பெனிதான் பார்த்துக்கொள்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டை வந்தால் ராவோடு ராவாக அடைத்துவிடுகிறார்களாம். சுவரில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கிறது, கூப்பிட்டால் ஒரு சின்னப் பெண் மரியாதையாகப் பேசுகிறது. பாய் மாதிரி ஒருத்தர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவைத்ததும் சரியில்லை என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. காலைச் சீட்டு இல்லை. எல்லாம் மதாம் கைப்போனுக்குப் போகிறது. ஆறு முப்பத்தைந்துக்கு நான் துடைப்பத்தோடு அந்த மூலையைப் பார்த்து நிற்பதை மட்டும் விட முடியவில்லை. சில நாள் உறுமல் கேட்கும். பிரிண்டரின் கம்பியையே பிடுங்கிவைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் காரைக்காலிலிருந்து ஓர் அம்மா பஸ் பிடித்து வந்தது. மகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் சரிசெய்ய, தன் அம்மா அப்பாவின் கல்யாணப் பதிவு நகல் வேண்டும். வீட்டில் இருந்தது வெள்ளத்தில் போய்விட்டது. எங்களிடம் படம் இருக்கும் என்று நம்பி வந்தது. அந்த ஆயிரத்து நூற்றெண்பதில் அதுவும் ஒன்று. பிரான்ஸுக்கு எழுதிப் போட்டு வாங்க எவ்வளவு காலம் ஆகுமோ, கிடைக்குமோ. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து காலிப் பையைத் திறந்து திறந்து பார்த்தது.

மதாம் சொன்னார்கள், "முன்ன இங்க ஒருத்தரு இருந்தாரு. அவரு கவனக்குறைவுல போயிடுச்சிம்மா."

அந்த அம்மா, "நல்லா இருப்பானா அவன்" என்றது.

அன்றைக்குச் சாயந்திரம் மதாம் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சீட்டை மேஜைமேல் வைத்தேன். "பாய் எண்ணப் பாக்கச் சொன்னாரு மதாம். நான் பாத்தேன். ஒண்ணா இல்ல. ஒண்ணுன்னு பொய் சொன்னேன். சொல்லியிருந்தா அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பாரு."

மதாம் சீட்டைக்கூட எடுக்கவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார்கள். "போ, போயி வேலையப் பாரு. பாவம், உனக்கு என்னா தெரியும். அந்தாளு உன்னப் போயி இதுல இழுத்தாரே, அதுவே தப்பு."

நான் குற்றவாளி என்று சொல்லக்கூட என் படிப்பு போதவில்லை. எனக்குத் தெரியாத வேலைதான் அது. ஆனால் இரண்டு எண் ஒன்றா இல்லையா என்று பார்க்க ஐந்தாம் வகுப்பு போதும்.

நோட்டை ஆபீஸில் குப்பைக்குப் போட்டார்கள். நான் எடுத்துவைத்திருக்கிறேன். பத்தொன்பதுக்குப் பக்கத்தில் அந்த டிக் இருக்கிறது. கீழே அவர் எழுதினதும் இருக்கிறது: 'அக்கா பார்த்தார். ஒன்றே.'

நான் எழுதினதில் மாசம், நூலின் நிறம், மழை பெய்ததா விட்டதா, இதெல்லாம் தப்பாக இருக்கலாம். கம்ப்யூட்டர் வார்த்தைகளைத் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். இதை மட்டும் யாராவது ஒருத்தர் கண்ணால் பாருங்கள். சீட்டின் பின்பக்கம் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

48316

47136

இரண்டும் ஒன்றா? பார்த்துச் சொல்லுங்கள். வயசானவள், மனசு நோகும் என்று பார்த்து, ஒன்றுதான் என்று சொல்லிவிடாதீர்கள்.